டேன் எடுத்தது எத்தனை நாள் நிற்கும்? டர்பன் வெயிலில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வெயிலில் ஏறிய கறுப்பை, அதாவது டேனை, எடுக்க முகத்தில் பேக் போட்டு, கண்மேல் வெள்ளரித் துண்டு வைத்துப் படுக்கவைத்த பிறகுதான் எல்லோருக்கும் அந்தக் கேள்வி வரும். "அக்கா, இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "இப்ப வீட்டுக்கு எதுல போகப் போறீங்க?"

கிண்டலுக்குக் கேட்பதில்லை. பகல் ஒரு மணிக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் டாக்ஸிக்காக ரோட்டோரம் இருபது நிமிஷம் நிற்கப் போகிறவருக்கும், சாயங்காலம் பிள்ளை வந்து காரில் கூட்டிப் போகப் போகிறவருக்கும் ஒரே பேக், ஒரே கை, ஒரே காசுதான். ஆனால் பலன் நிற்கும் நாள் ஒன்றாக இருக்காது. ஊரில் பார்லர் வேலை கற்றுக்கொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்த புதிதில், அங்கே சொல்லிக்கொடுத்த கணக்கையே நானும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்: பேஷியல் ஒரு மாதம், பிளீச் மூன்று வாரம். முதல் டிசம்பரிலேயே டர்பன் வெயில் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். இங்கே பிறந்து வளர்ந்த நம் ஆட்களில் பலருக்குத் தமிழ் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. கோயிலில், சமையலில், உறவுமுறையில். ஆனால் "கறுத்துப் போயிட்டே" மட்டும் தலைமுறை தலைமுறையாக அப்படியே இருக்கிறது. ஆயாக்கள் பேத்தியைப் பார்த்ததும் முதலில் சொல்வது அதைத்தான். மறுநாள் பேத்தி என் கடையில் நிற்பாள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் படி: அது டேன்தானா என்று பாருங்கள்

காலையில் ஜன்னல் பக்கம் நின்று, மேல்கையின் உட்பக்கத்தை, அக்குளுக்குச் சற்றுக் கீழே இருக்கும் இடத்தைப் பாருங்கள். வெயில் அவ்வளவாகப் படாத இடம் அது. அதுதான் உங்கள் சொந்த நிறம். அதையும் முன்கையின் வெளிப்பக்கத்தையும் ஒன்றாக வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் பியூட்டி மோடை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும், இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு நிறத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் டேன். எடுக்க முடிவதும் அந்த வித்தியாசம் மட்டும்தான். உட்கை நிறத்தையும் தாண்டி வெளுக்க வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது டேன் எடுக்கும் வேலை இல்லை, வேறு ஏதோ.

அடுத்தது, டேன் மாதிரியே தெரிகிற ஆனால் டேன் இல்லாத கறுப்புகள். பின்கழுத்து கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடிப்பாக, மடிப்பு மடிப்பாக இருந்தால் அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் குறைவு. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. நம் ஜனங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு அதிகம் என்று இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கழுத்தை எத்தனை தடவை தேய்த்தாலும் போகாது. டீடேனுக்கு, அதாவது டேன் எடுக்க, கொடுக்கும் காசில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், இரண்டு மாதம் கழித்து மாத்திரைச் சீட்டோடு வந்தார்.

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, பட்டாம்பூச்சி இறக்கை போலப் பழுப்புத் திட்டு இருந்தால் அது மங்கு. பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை இவற்றோடு வருவது. அதைப் பார்லரில் கிளறக் கூடாது, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்புறம், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கும் வெயில் சட்டென்று பிடிக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: கறுப்பு ஏறும் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் நானே ஒரு தடவை சொதப்பியிருக்கிறேன். கல்யாணப் பெண்ணின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நார்த் பீச்சில் விளையாடிவிட்டு, திங்கட்கிழமை காலை டீடேனுக்கு வந்து உட்கார்ந்தாள். நானும் செய்துவிட்டேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. வியாழக்கிழமை அவள் அம்மா போன் பண்ணி, "என்னம்மா, முன்னாடி இருந்ததைவிட மோசமா இருக்கே" என்றார். நியாயம்தான்.

வெயிலில் நின்ற சில நிமிஷங்களிலேயே ஒரு சாம்பல் கலந்த கறுப்பு வரும். அது ஏற்கெனவே தோலில் இருக்கும் மெலனின் நிறம் மாறுவது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். உண்மையான டேன் அது இல்லை. புற ஊதாக் கதிர் பட்டதும் தோலின் அடியில் இருக்கும் நிறச் செல்கள் புதிதாக மெலனின் செய்ய ஆரம்பிக்கும், அதைப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும், அது மேலே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரு வாரம் பத்து நாள் வரைகூட ஏறிக்கொண்டே போகும். ஆக, ஞாயிறு பீச்சுக்குப் போன கறுப்பு திங்கட்கிழமை இன்னும் வந்தே சேரவில்லை. வராத விருந்தாளியை நான் வழியனுப்பிவைத்தேன்! போதாக்குறைக்கு, வெயில் பட்டு வெந்திருக்கும் தோலைத் தேய்த்தால் அந்த எரிச்சலே இன்னும் கறுப்பைக் கூட்டும். நம் மாதிரி மாநிறத் தோலுக்கு இந்தப் பழக்கம் ரொம்பவே உண்டு: எங்கே புண்பட்டாலும் அங்கே கறுப்பு விழும்.

நல்ல வெயில் பட்ட பிறகு குறைந்தது பத்து நாள் விட்டுத்தான் இப்போது நான் கை வைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடித்தோலில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர இளவயதில் சுமார் 28 நாள் ஆகும். ஐம்பதைத் தாண்டினால் 40 நாளுக்கு மேலேயே ஆகலாம். டேன் என்பது இந்தச் செல்களுக்குள் இருக்கும் நிறம். அதனால் வெயிலே படாமல் இருந்தால் ஒன்றும் செய்யாமலே ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பகுதி தானாக இறங்கும். பார்லரில் நாங்கள் செய்வது அந்த உதிர்தலை அவசரப்படுத்துவதுதான். கீழே இருக்கும் நிறச் செல்லை எந்த பேக்கும் தொடுவதில்லை, மறுநாள் வெயில் பட்டால் அது மறுபடி வேலையை ஆரம்பிக்கும். எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு முக்கால்வாசிப் பதில் இதில் இருக்கிறது.

ஊர்க் கணக்கு இங்கே ஏன் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு வெயில் என்றால் சித்திரை, அக்னி நட்சத்திரம். இங்கே பூமி தலைகீழ்: மார்கழியும் தையும்தான் உச்சி கோடை. டர்பன் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருப்பதால் டிசம்பர் மத்தியானம் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதோடு, ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. சென்னையிலிருந்து வீடியோவில் "மார்கழியில் சன்ஸ்கிரீன் லேசாகப் போட்டால் போதும்" என்று சொல்வதை நம்பி இங்கே வாழ முடியாது.

மூன்றாம் படி: எது எத்தனை நாள் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள்

நான் சொல்லும் நாள் கணக்கு, செய்துகொண்ட பிறகு ஓரளவு ஒழுங்காக இருப்பவர்களுக்கு. மத்தியானம் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்பவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கடலை மாவு, தயிர் போட்டுக் கழுவுவது. இது மேலே இருக்கும் இறந்த செல்லையும் எண்ணெயையும் எடுக்கும், தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் கொஞ்சம் மென்மையாக்கும். முகம் தெளிவாகத் தெரிவது இரண்டு மூன்று நாள். வாரம் ஒரு தடவை செய்தால் கெடுதல் இல்லை. மாவைக் கொரகொரவென்று அரைத்துத் தேய்ப்பதும், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி முகத்தில் உரசுவதும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சைக்குத் தனியாக வருகிறேன்.

பார்லர் டீடேன் பேக், டீடேன் பேஷியல். பெரும்பாலானவற்றில் மிதமான பழ அமிலம், லாக்டிக் அமிலம், லேசாக வெளுக்கும் பொருள் ஏதாவது இருக்கும். எழுந்து கண்ணாடி பார்க்கும்போது தெரிகிற அந்தப் பளபளப்பில் பாதி, மசாஜில் ஏறிய ரத்த ஓட்டமும் ஈரப்பதமும்தான். அது ஐந்தாறு நாளில் போய்விடும். உண்மையான டேன் குறைவு இரண்டு வாரம், ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலு வாரம். "மூணு மாசம் கேரண்டி" என்று எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்தால் நான் சிரித்துவிட்டுப் போவேன்.

பிளீச். இதில்தான் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் பலன் உடனே தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து போடும்போது முகத்தில் இருக்கும் பூனைமுடி பொன்னிறமாகிவிடும். முடி தெரியாததால் முகமே வெளுத்தது போல இருக்கும். டேன் அங்கேயேதான் இருக்கிறது. முடி மறுபடி வளர மூன்று நாலு வாரம், அவ்வளவுதான் அதன் ஆயுள். எரிகிறது என்று சொன்ன உடனே கழுவ வேண்டும், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்பவரிடம் போகாதீர்கள். பிளீச் சுட்ட இடத்தில் விழும் கறுப்பு டேனைவிட அதிக நாள், மாதக்கணக்கில் நிற்கும்.

பீல். அமிலம் போட்டு மேல்தோலை உரியவைப்பது. கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக், சாலிசிலிக் என்று பல அமிலங்கள். மேலோட்டமான பீலாக இருந்தால், இரண்டிலிருந்து நாலு வார இடைவெளியில் நாலு முதல் ஆறு தடவை செய்வது வழக்கம். ஒரே ஒரு தடவை செய்தால் ஒரு மாதம் தெரியும். முழுச் சுற்றும் முடித்து, வீட்டிலும் ஒழுங்காக இருந்தால் மூன்று மாதம், அதற்கு மேலும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நம் நிறத்துக்கு நான் மாண்டெலிக்கைத்தான் முதலில் பார்ப்பேன். அதன் மூலக்கூறு கிளைகாலிக்கைவிடப் பெரியது, மெதுவாக உள்ளே போகும், எரிச்சல் குறைவு, எரிச்சல் குறைந்தால் கறுப்பு விழும் பயமும் குறைவு. ஒரு நிபந்தனை: அமிலம் போட்ட தோல் வெயிலுக்குக் கூடுதலாகக் கறுக்கும். கோடையில் வெளியே வேலை செய்கிறவர் பீல் செய்துகொள்வது, கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பது மாதிரி.

மைக்ரோடெர்மாப்ரேஷன் என்று தோலின் மேல்படலத்தைச் சுரண்டும் கருவி இருக்கிறது. மூன்று நாலு வாரம் தெரியும். டேனுக்கு மட்டும் என்றால் அவ்வளவு காசு தேவையில்லை.

லேசர். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் வகை லேசரைத்தான் கறுத்த தோலுக்குப் பொருத்தமானது என்பார்கள். பல அமர்வுகள் வேண்டும், பலன் மாதக்கணக்கில் நிற்கலாம். ஆனால் அதிகம் போனால் அரிசி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் விழும் ஆபத்தும், நிறுத்திய பிறகு கறுப்பு திரும்பி வரும் ஆபத்தும் உண்டு. சாதாரண வெயில் கறுப்புக்கு லேசர் என்பது கொசுவுக்குத் துப்பாக்கி. தோல் மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

தோல் வெளுக்க என்று போடும் குளூட்டதயோன் ஊசியைப் பற்றிக் கேட்காதீர்கள். நரம்பில் ஏற்றுவது, டேனுக்காக அதில் இறங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கை, கால், முதுகு பற்றி ஒரு வார்த்தை. முகத்தைவிட இவை மெதுவாகத்தான் இறங்கும். மிக மோசம் பாதம். செருப்பு வார் போட்ட அந்த "வி" அடையாளம் இருக்கிறதே, முகம் தெளிந்து இரண்டு மாதம் ஆகியும் அது போகாது. எனக்கு அது ஒரு அளவுகோல். ஒருவர் "நான் வெளியவே போறதில்லைக்கா" என்று சொன்னால் முதலில் அவர் காலைத்தான் பார்ப்பேன்.

நாலாம் படி: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கல்யாணமோ விசேஷமோ எந்த நாள் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வெறும் டீடேன் பேக் என்றால் விசேஷத்துக்கு நாலைந்து நாள் முன்பு. முந்தின நாள் செய்துகொண்டு சிவந்துபோய் நிற்காதீர்கள். பீல் என்றால் கடைசித் தடவை குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும், முதல் தடவை மூன்று நாலு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இதுவரை போடாத எந்தப் பொருளையும் விசேஷத்துக்குப் பத்து நாளுக்குள் முகத்தில் புதிதாக முயற்சி செய்யாதீர்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் எதையும்.

பீல் சுற்றுக்கு வருஷத்தில் நல்ல காலம் எது என்று கேட்டால், ஆடி என்பேன். ஜூலை, ஆகஸ்ட். இங்கே அது குளிர்காலம், புற ஊதாக் கதிர் குறைவு, மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம், கல்யாணமும் கிடையாது, என் கடையும் காலி. அப்போது தொடங்கினால் தீபாவளிக்கு முகம் தயார். ஆனால் எல்லோரும் ஜனவரி முதல் வாரம்தான் வருவார்கள், வருஷத்திலேயே கெட்ட வெயிலில், பள்ளி விடுமுறைக்குக் கடற்கரை போய்வந்த கையோடு. அவர்களுக்கு நான் பீல் செய்வதில்லை.

ஐந்தாம் படி: செய்துகொண்ட அன்றும் அடுத்த மூன்று நாளும்

இந்த மூன்று நாளில்தான் பலர் கொடுத்த காசை வெயிலில் போடுகிறார்கள். அன்றைக்கு வெந்நீரில் முகம் கழுவ வேண்டாம், நீராவி வேண்டாம். அடுப்புப் பக்கம் மணிக்கணக்கில் நின்று பிரியாணிப் பானையைக் கிண்டுவதும் வேண்டாம். சோப்புக்குப் பதில் மென்மையான கிளென்சர், ஈரம் இருக்கும்போதே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். ஸ்க்ரப், ரெட்டினால், வைட்டமின் சி சீரம், த்ரெடிங், வேக்ஸிங் எல்லாவற்றுக்கும் மூன்று நாள் விடுமுறை. பீல் என்றால் ஒரு வாரம். தோல் உரிந்தால் பிய்க்காதீர்கள், தானாக விழட்டும். பிய்த்த இடம் ஒரு வட்டமாகக் கறுக்கும், அதை எடுக்கத் திரும்ப என்னிடம் வருவீர்கள்.

நேரம் குறிக்கும்போதே சாயங்காலமாகக் கேளுங்கள். முடியாவிட்டால் குடையைக் கொண்டுவாருங்கள். டர்பனில் பெண்கள் வெயிலுக்குக் குடை பிடிப்பது ஒன்றும் புதிதில்லை. பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வரும் பெரியம்மாக்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: அதற்கப்புறம் தினமும்

சன்ஸ்கிரீன் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். போடும் அளவுதான் யாருக்கும் தெரியாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போல எடுத்தால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு. பெரும்பாலோர் பட்டாணி அளவு எடுத்து, 50 எஸ்பிஎஃப் போட்டேனே என்பார்கள். 30 எஸ்பிஎஃப் ஒழுங்காகப் போட்டால் யூவிபி என்னும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டால் 98. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அளவைப் பாதியாக்கினால் குறைகிற பாதுகாப்பு அதைவிடப் பல மடங்கு. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். வியர்த்தாலோ நீச்சல் அடித்தாலோ அதற்கு முன்பே. டப்பியில் யூவிஏ என்னும் இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கும் பாதுகாப்பு என்று இருக்க வேண்டும். இங்கே கேன்சா என்னும் புற்றுநோய்ச் சங்கத்தின் முத்திரை இருப்பதைப் பார்த்து வாங்கலாம்.

நம் நிறத்துக்கு ஒரு கூடுதல் விஷயம். கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே, குறிப்பாக நீல ஒளி, மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். வெள்ளை சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும். முகத்தில் சாம்பல் பூசினது போலவும் இருக்காது.

இப்போது கார். இந்த நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் ஓட்டுகிறவர்களின் வலது கையும் வலது கன்னமும் தனியாகக் கறுக்கும். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, யூவிஏவைப் பெருமளவு நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி அப்படி இல்லை, யூவிபியை நிறுத்தினாலும் யூவிஏவை உள்ளே விடும். டெலிவரி வேன் ஓட்டும் ஒரு தம்பி மனைவி வற்புறுத்தி வந்தார். இரண்டு கையையும் மேஜைமேல் வைக்கச் சொன்னேன். இடது கை காப்பி நிறம், வலது கை அதைவிட இரண்டு ஷேடு அழுத்தம். கடிகாரம் கட்டின இடம் மட்டும் பட்டையாக வெளுத்திருந்தது. அவருக்கு நான் பேக்கே போடவில்லை. நீளக் கை வைத்த மெல்லிய சட்டையும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சன்ஸ்கிரீனும் போட்டுவிட்டு ஆறு வாரம் கழித்து வரச் சொன்னேன். வந்தபோது வித்தியாசம் ஒரு ஷேடாகக் குறைந்திருந்தது, செலவு ஒரு டியூப்.

மேகம் மூடியிருக்கிறது என்று ஏமாறாதீர்கள். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிர் வந்துவிடும். கடற்கரையில் மணலும் நுரையும் கீழேயிருந்து திருப்பி அடிக்கும், குடைக்கு அடியில் உட்கார்ந்தாலும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம், லெனேஷியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "அங்க வியர்க்கவே இல்லை, ஆனா எப்படிக் கறுத்தேன்?" என்று கேட்பார்கள். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடும். சூடு தெரியாது, கறுப்பு தெரியும்.

பலனை நீட்டிக்க வேறு என்ன போடலாம் என்றால், பெரிய பட்டியல் வேண்டாம். நியாசினமைடு நாலைந்து சதவீதம், காலையும் இரவும். நிறச் செல்லிலிருந்து மெலனின் பக்கத்துச் செல்லுக்குப் போவதை அது குறைக்கும். இரண்டு மாதமாவது விடாமல் போட்டால்தான் தெரியும். எரிச்சல் வராதவர்கள் காலையில் வைட்டமின் சி சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளை உண்டாகியிருப்பவர்களுக்கு ரெட்டினால் வகை எதுவும் கூடாது. அஸெலெயிக் அமிலம் பரவாயில்லை என்பார்கள், இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு இரவு மிதமான லாக்டிக் அமில லோஷன் கை காலுக்கு. இதற்கு மேல் ஏழெட்டு சீரம் அடுக்கினால் தோல் எரிந்து, எரிந்தது கறுத்து, பழையபடி ஆரம்பத்துக்கு வந்து நிற்பீர்கள்.

காவடி எடுப்பவர்களுக்கு

தைப்பூசம் இங்கே ஜனவரி அல்லது பிப்ரவரி. விரதம் இருந்து, மஞ்சள் தண்ணீரில் குளித்து, செருப்பில்லாமல் மணிக்கணக்கில் நடப்பது, அதுவும் வருஷத்தின் கடும் வெயிலில். கறுக்காமல் வர முடியாது, அது முருகனுக்குக் கொடுத்தது என்று விட்டுவிடலாம். ஆனால் ஒன்று மட்டும் கவனியுங்கள்.

டர்பனில் உள்ள கிளேர்வுட் கோயிலில் காவடி முடிந்து நாலைந்து நாள் கழித்து ஒருவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை, தண்ணீர் வழிந்த தடம் போல, கரும்பழுப்புக் கோடுகள். ஒரு கோடு நடுவில் இரண்டாகப் பிரிந்து ஓடியிருந்தது. சில இடத்தில் கொப்புளம். வெயில் கறுப்பு இப்படிக் கோடு போட்டு வராது. கொக்கியில் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டிருந்தார். பழம் நசுங்கிச் சாறு வழிந்திருக்கிறது, அதன் மேல் வெயில். எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் ஒரு பொருள் தோலில் பட்டு, அதில் வெயிலும் பட்டால் தோல் வெந்துவிடும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், கறுப்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். டீடேன் போட்டால் இன்னும் புண்ணாகும். அவரை டாக்டரிடம் அனுப்பினேன். காவடி இறக்கினவுடன் சாறு பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் மூடிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். முகத்தில் எலுமிச்சை தேய்த்துவிட்டு வெயிலில் துணி உலர்த்தப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மஞ்சளும் கொஞ்ச நாள் குழப்பும். மஞ்சள் சாயம் ஏறிய முகத்தைப் பார்த்து டேன் எவ்வளவு என்று சொல்ல முடியாது. நாலு நாள் போகட்டும்.

வாங்கக் கூடாத டப்பாக்கள்

பலன் நீடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஆட்கள் இதில் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. ஹைட்ரோகுவினோன் க்ரீமை வருஷக்கணக்கில் பூசியவர்களுக்குக் கன்னத்து எலும்பின் மேல் நீலம் கலந்த கறுப்பு, மணல் மணலாகப் புள்ளிகள் என்று வந்ததை இங்குள்ள தோல் மருத்துவர்கள் 1975இலேயே எழுதிவைத்தார்கள். ஒக்ரோனோசிஸ் என்று பெயர். வெளுக்கப் பூசியது நிரந்தரமாகக் கறுக்க வைத்தது. 1990இல் இந்த நாடு ஹைட்ரோகுவினோன் கலந்த அழகு க்ரீம்களைத் தடை செய்தது, தோலை வெளுக்க வைக்கும் என்று விளம்பரம் செய்வதையும் சேர்த்தே தடுத்தது. ஆனாலும் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

இந்த வேலை செய்யும் எனக்கு இன்றைக்கும் சிலர் முகத்தைப் பார்த்தால் நெஞ்சு பதறும். நெற்றியும் மூக்கும் வெளுத்து, கன்னத்து எலும்பு மட்டும் நீலம் பாரித்து, அதன் மேல் இன்னும் அதே க்ரீமையே பூசிக்கொண்டிருப்பார்கள், நிறுத்தினால் இன்னும் கறுக்கும் என்ற பயத்தில்.

லேபிளில் கலோமெல், மெர்குரி என்று எதுவும் இருந்தால் பாதரசம், கிட்னியைக் கெடுக்கும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு; இரண்டே வாரத்தில் முகம் கண்ணாடி போலாகும், அதுதான் வலை. பிறகு தோல் மெலியும், பரு வரும், முடி வளரும், விட்டால் சிவந்து எரியும். பொருள் பட்டியலே இல்லாத டப்பா என்றால் பேசவே வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மறுபடி எப்போது

முதலில் எடுத்து வைத்த அந்தப் போட்டோவை எடுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், இன்னொரு போட்டோ. உட்கைக்கும் முன்கைக்கும் வித்தியாசம் மறுபடி கூடியிருந்தால் மட்டும் வாருங்கள். பேக் என்றால் நாலு வாரத்துக்குள் வேண்டாம், மாதம் இரண்டு தடவை கேட்டாலும் நான் செய்ய மாட்டேன். முகம் கழுவும்போது தண்ணீரே எரிகிறது, எதைப் போட்டாலும் சிவக்கிறது என்றால் தோலின் மேல்படலம் கெட்டிருக்கிறது. ஒரு மாதம் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் தவிர எதுவும் வேண்டாம்.

மூன்று மாதம் ஒழுங்காக இருந்தும் ஒரு திட்டு மட்டும் அசையாமல் நிற்கிறது, ஓரம் கோணலாக இருக்கிறது, பெரிதாகிறது, அரிக்கிறது, ரத்தம் வருகிறது என்றால் பார்லர் பக்கமே வராமல் நேரே மருத்துவரிடம் போங்கள். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இங்கெல்லாம் புதிதாகக் கறுப்பு வந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். அங்கெல்லாம் வெயில் அவ்வளவாகப் படாது, அது டேனாக இருக்காது.